எடுக்கலாமா, போடலாமா? மலையோரப் பள்ளிகளில் ஊடகச் சட்டமும் அறமும் கற்பிக்க ஒரு வழிகாட்டி

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் குமுளி, வண்டிப்பெரியாறு, பீருமேடு பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளிகளிலும் படிப்பகங்களிலும் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை முதன்முதலாக எடுக்கப்போகிறவர்களுக்கானது இந்தக் கட்டுரை. ஆசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. நூலகர், லிட்டில் கைட்ஸ் பொறுப்பாளர், இளைஞர் மன்றத்துக்காரர் யாரும் எடுக்கலாம். கேரள உயர்நிலைப் பள்ளிகளில் 2018 முதல் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் தகவல் தொழில்நுட்ப மன்றங்கள் இருப்பதால், கேமராவைப் பிடிக்கவும் வீடியோவை வெட்டி ஒட்டவும் நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. பிள்ளைகள்தான் உங்களுக்குச் சொல்லித்தருவார்கள். எடுத்ததை எப்போது போடக்கூடாது, போட்டது தவறென்று தெரிந்தால் அடுத்து என்ன செய்வது என்பதைத்தான் அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

சட்டப் பிரிவுகளில் தொடங்காதீர்கள். முதல் நாளே எண்களை அடுக்கினால் வகுப்பு இரண்டாகப் பிரியும். பயந்துபோய் எதையுமே எழுதாத பிள்ளைகள் ஒரு பக்கம், “அப்போ இது மட்டும் பண்ணலாமா சார்?” என்று ஓட்டை தேடும் பிள்ளைகள் மறுபக்கம். முதலில் படத்தில் இருக்கும் ஆள், அடுத்து படம், கடைசியில் பிரிவு. இந்த வரிசை மாறினால் பாடம் போலீஸ் விழிப்புணர்வுக் கூட்டமாகிவிடும். அதற்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள்.

தொடங்கும் முன்

ஆறு சனிக்கிழமைகள், ஒவ்வொன்றும் 90 நிமிடம் போதும். 20 பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். நான்கு பேராக ஐந்து குழு. பொருள்கள் அதிகமில்லை: சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, அன்றைய தமிழ் நாளிதழ் ஒன்று, மலையாள நாளிதழ் ஒன்று, குழுவுக்கு ஒரு போன். போன்கள் ஏரோப்ளேன் மோடில் இருக்கட்டும். பயிற்சிக்கு எடுத்த படம் வகுப்பு முடிவதற்குள் ஸ்டேட்டஸில் ஏறிவிட்டால், அந்த வாரப் பாடம் முழுக்க அதைச் சமாளிப்பதிலேயே போகும்.

பழைய குறிப்புகளை ஒருமுறை சலித்துவிடுங்கள். இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் ரத்து செய்தது. கேரள போலீஸ் சட்டத்தின் 118(டி) பிரிவும் அதே தீர்ப்பில் போனது. ஆனாலும் பயிற்சித் தாள்களில் 66ஏ இன்னும் உலவுகிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. 499, 500 என்று அவதூறுக்குப் பிள்ளைகள் சினிமாவில் கேட்ட எண்கள் இப்போது 356.

முதல் நாள், முதல் ஐந்து நிமிடத்தில் மூன்று விதிகளைச் சொல்லிவிடுங்கள். பள்ளியில் நடந்த உண்மைச் சம்பவத்தையோ பெயரையோ யாரும் எடுத்துக்காட்டாகச் சொல்லக்கூடாது. யாரும் தன் போனிலிருந்து எதையும் எடுத்துக் காட்டக்கூடாது. மூன்றாவது விதி உங்களுக்கு. “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். 18 வயதுக்குட்பட்டவருக்குப் பாலியல் குற்றம் நடந்திருப்பதாகத் தெரிந்தால் போலீசுக்குத் தெரிவிப்பது, பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் பாக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி கட்டாயம். தெரிவிக்காவிட்டால் 21ஆம் பிரிவு உங்கள் மேல் பாயும். பிள்ளை மனம் திறந்து பேசிய பிறகு இதைச் சொன்னால் அது நம்பிக்கைத் துரோகமாகவே படும். முதல் நாளே இப்படிச் சொல்லிவையுங்கள்: “உன் விஷயத்தை ஊர் முழுக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் சில விஷயங்களைச் சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லியே ஆக வேண்டும்.”

முதல் வாரம்: அனுமதி

இதற்கு முழு 90 நிமிடத்தையும் கொடுங்கள். மற்ற எல்லாப் பாடமும் இதன் மேல்தான் நிற்கிறது.

ஒரு பிள்ளை தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டுத் திரும்பும் பாட்டியாக நடிக்கட்டும், இரண்டு பேர் நிருபர்கள், ஒருவர் குறிப்பெடுப்பவர். உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

“பாட்டி, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?”
“எதுக்குப்பா?”
“ஸ்கூலுக்கு பாட்டி.”
“சரி, எடுத்துக்க.”

இங்கே நிறுத்துங்கள். பாட்டி எதற்குச் சம்மதித்தார் என்று வகுப்பைக் கேளுங்கள். படம் எடுக்கச் சம்மதித்தார். யூடியூபில் போட? கம்பத்தில் இருக்கும் மருமகள் பார்க்க? கீழே முன்பின் தெரியாதவர்கள் கமெண்ட் எழுத? அதையெல்லாம் அவரிடம் யாரும் கேட்கவே இல்லை. எடுக்கச் சம்மதம் வேறு, போடச் சம்மதம் வேறு என்பதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, அதே காட்சியை மறுபடி நடிக்கச் சொல்லுங்கள். இந்த முறை எங்கே போடுவோம், யார் பார்க்கலாம், பிறகு வேண்டாமென்று தோன்றினால் யாரிடம் சொல்வது என்ற மூன்றையும் நிருபர் சொல்லியாக வேண்டும்.

மூன்றாம் சுற்றில் நிருபராக வருபவரைத் தோட்ட அலுவலகத்து ரைட்டரின் (எழுத்தரின்) மகன் ஆக்குங்கள். கேள்வி அதேதான். இப்போது பாட்டியால் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியுமா? இந்தச் சுற்றில் வகுப்பு கொஞ்சம் அமைதியாகும். மறுக்க முடியாதவரிடம் வாங்கிய சம்மதத்துக்கு மதிப்பில்லை என்பதை நீங்கள் விளக்க வேண்டியிருக்காது. ஆஸ்பத்திரி வார்டு, இழவு வீடு, ரேஷன் வரிசை எல்லாம் இதே கணக்குதான்.

பிறகு அனுமதிச் சீட்டை வகுப்பிலேயே எழுதவையுங்கள். அரைப் பக்கம் போதும். எதைப் படம்பிடிக்கிறோம், எங்கே வெளியிடுகிறோம், எவ்வளவு காலம் இருக்கும், நீக்க யாரைக் கூப்பிட வேண்டும், பிள்ளையின் கையெழுத்து, பெற்றோரின் கையெழுத்து. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது வரை பிள்ளை என்றே கணக்கிட்டு, பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. ஆனால் பெற்றோர் கையெழுத்துப் போட்டும் பிள்ளை வேண்டாமென்றால், வேண்டாம்தான். சீட்டின் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம் இருக்கட்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, அவர் சம்மதம் சொல்வதைக் குரலாகப் பதிந்துகொள்ளுங்கள்.

பள்ளிகள் இதில் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஜூன் மாதம் சேர்க்கைப் படிவத்தோடு ஒரே கையெழுத்தாக வருடம் முழுமைக்கும் வாங்கிவிடுவார்கள். பிப்ரவரியில் போட்ட வீடியோவுக்கு ஜூனில் என்ன தெரிந்து சம்மதித்தார் என்று கேட்டால் பதில் இருக்காது. நிகழ்ச்சிக்கு ஒரு சீட்டு என்று வையுங்கள். வேலை கூடும், வேறு வழியில்லை.

இரண்டாம் வாரம்: முகத்தை மறைத்தால் போதுமா

நீங்களே ஒரு படம் தயாரித்துக்கொண்டு வாருங்கள். சம்மதித்த பெரியவர் ஒருவரை லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் நிற்கவைத்து எடுத்து, முகத்தை மட்டும் மங்கலாக்குங்கள். “இவர் யாரென்று கண்டுபிடியுங்கள்” என்று வகுப்பிடம் கொடுங்கள். கதவின் மேல் லயத்தின் எண், கொடியில் காயும் சீருடை, ஓரத்தில் தெரியும் மாதா கோயில், வாசலில் படுத்திருக்கும் நாய் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துவிடுவார்கள். வீடியோவாக இருந்தால் குரலும் நடையும் சேரும். படக் கோப்பின் உள்ளே எடுத்த இடமும் நேரமும் பதிந்திருக்கலாம் என்பதையும் காட்டுங்கள். கேமரா அமைப்பில் இருப்பிடத்தை அணைத்துவைப்பது ஒரு நிமிட வேலை.

அடுத்து எழுத்துக்கு வாருங்கள். இந்தக் கற்பனை வரியைப் பலகையில் எழுதுங்கள்: “தோட்டத்துப் பள்ளியில் 9ஆம் வகுப்பு படிக்கும், ஜீப் ஓட்டுநர் ஒருவரின் இளைய மகள்.” பெயர் எங்குமில்லை. ஆனால் ஒரு எஸ்டேட்டில் இந்த விவரத்துக்குப் பொருந்துபவர்கள் எத்தனை பேர்? யாரென்று தெரியாத நிலை வரும்வரை சொற்களை அடிக்கச் சொல்லுங்கள். கடைசியில் ‘ஒரு சிறுமி’ மட்டும் மிஞ்சும். நகரத்துச் செய்தியறையில் சாதாரணமாகப் போகும் விவரம், சுவரோடு சுவர் ஒட்டிய லயத்தில் முகவரிக்குச் சமம்.

இதற்குப் பிறகு சட்டத்தைச் சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும். பாக்சோ 23ஆம் பிரிவு பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி என அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடுவதைத் தடுக்கிறது; ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. சிறார் நீதிச் சட்டம் 2015இன் 74ஆம் பிரிவு இன்னும் அகலமானது. குற்றம் சாட்டப்பட்ட பிள்ளை, பாதிக்கப்பட்ட பிள்ளை, சாட்சியான பிள்ளை மூவருக்கும் அது பொருந்தும். ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவர் எந்த வயதினரானாலும் அடையாளத்தை வெளியிட்டால் நியாய சன்ஹிதா 72ஆம் பிரிவு. பஸ் ஸ்டாண்டில் பள்ளிப் பையன்கள் அடித்துக்கொள்ளும் வீடியோவை “சும்மா ஃபார்வேர்டு பண்ணேன்” என்பவர் இந்த 74க்குள் வரக்கூடும் என்பது பெரும்பாலான பெற்றோருக்கே தெரியாது.

பேரிடர்ப் படங்களைப் பற்றியும் இங்கேதான் பேச வேண்டும். ஒரு முன்ஜாக்கிரதை: 2020 ஆகஸ்டு 6 இரவு மூணாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டமான பெட்டிமுடியில் நடந்த நிலச்சரிவை எடுத்துக்காட்டாகக் கொள்ளும் முன், அங்கே உறவினரை இழந்த பிள்ளை வகுப்பில் உண்டா என்று விசாரித்துவிடுங்கள். மலைத் தோட்டங்களில் உறவு நீளமானது. இருந்தால் அந்த எடுத்துக்காட்டை விட்டுவிடுங்கள்.

தற்கொலைச் செய்திக்குத் தனி விதி உண்டு. முறை, இடம், கடிதம் எதையும் எழுதக்கூடாது. ஒற்றைக் காரணம் கற்பிக்கக்கூடாது. உதவி எண் சேர்க்க வேண்டும். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மனஸின் எண் 14416. இந்திய பிரஸ் கவுன்சில் இதற்கான நெறிகளை 2019இல் ஏற்றுக்கொண்டது. பள்ளியின் யூடியூப் சேனலில் இப்படிப்பட்ட செய்தியே வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

மூன்றாம் வாரம்: அந்தரங்கப் படங்கள்

இந்தப் பாடத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். சொல்ல ஏதாவது உள்ள பிள்ளை உங்களைத் தேடி வர இன்னும் சில வாரங்கள் மிச்சம் இருக்க வேண்டும். முடிந்தால் ஆண் ஒருவரும் பெண் ஒருவரும் சேர்ந்து எடுங்கள். உண்மையான படம், செய்தித் துண்டு எதையும் காட்டக்கூடாது.

சொல்ல வேண்டியது சுருக்கமானது. 18 வயதுக்குட்பட்டவரின் ஆபாசப் படத்தை எடுப்பது, அனுப்புவது, பகிர்வது எல்லாம் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவின் கீழ் குற்றம். முதல் முறைக்கு ஐந்தாண்டு வரை சிறை, பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம். எடுத்தவரும் அதே வயதுப் பிள்ளை, இருவருக்கும் சம்மதம் என்று சொல்வதால் விலக்குக் கிடைப்பதில்லை. செயலியில் முகத்தை மாற்றி ஒட்டியதும் ‘விளையாட்டுக்கு’ என்ற பேரில் தப்பாது. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு ஒன்றில் 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம், இத்தகைய படங்களைப் போனில் வைத்திருப்பதும் பாக்சோ 15ஆம் பிரிவுக்குள் வரக்கூடும் என்று விளக்கியது.

பெரியவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு இதற்கு அடுத்து வருகிறது. பிள்ளை அழுதுகொண்டே வந்து சொன்னதும், “அந்தப் போட்டோவை எனக்கு அனுப்பு, எச்.எம்.கிட்ட காட்டணும்” என்று கேட்பார்கள். அனுப்பினால் பிள்ளையும் இன்னொரு முறை பகிர்ந்தவராகிறார். உங்கள் போனிலும் அந்தப் படம் வந்துவிடுகிறது. கேட்கவே கேட்காதீர்கள். கணக்கின் பெயர், இணைப்பு, தேதி, நேரம், என்ன மிரட்டல் வந்தது என்பதைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மிரட்டல் செய்திகளை அழிக்கவிடாதீர்கள். போனைப் பிள்ளையின் பெற்றோர் கையிலேயே போலீசிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

எங்கே போவது என்பதில் எல்லைப் பகுதிக்காரர்களுக்கு எப்போதும் குழப்பம். பிள்ளை வண்டிப்பெரியாற்றில், படத்தைப் பரப்பியவர் தேனி மாவட்டத்துக் கூடலூரில் என்றால் எந்த மாநிலம்? பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். அவர்கள் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். ஜீரோ எஃப்ஐஆர் என்பது இதுதான். “அது தமிழ்நாடு, அங்கே போங்க” என்று திருப்பி அனுப்பினால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கான உதவி எண் 1098; தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதியலாம். பணம் பறிபோயிருந்தால் 1930க்கு உடனே அழைக்க வேண்டும். ஒவ்வொரு மணி நேரத் தாமதத்துக்கும் பணம் கைமாறிக்கொண்டே போகும். இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களில் பரவாமல் தடுக்க ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை உண்டு. 18 வயதுக்குள் எடுத்த படத்துக்கு அது பொருந்தும். படத்தை எங்கும் ஏற்றாமல், அதன் எண்முத்திரையை (படத்தை அடையாளம் காட்டும் ‘ஹாஷ்’ எண்ணை) மட்டும் போனிலேயே உருவாக்கி அனுப்புகிறது.

ஒரு சமநிலையும் தேவை. தவறு செய்த பிள்ளையை நேரே ஜெயிலில் போடுவார்கள் என்று மிரட்டாதீர்கள், அது உண்மையுமல்ல. குறைந்தபட்சத் தண்டனையே ஏழாண்டு உள்ள கொடுங்குற்றமோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்ததோ அல்லாத நிலையில், பிள்ளைகள் மீது எஃப்ஐஆர் பதியாமல் நாட்குறிப்பில் எழுதிச் சிறார் நீதி வாரியத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதே விதி. ஜெயில் பயம் வந்துவிட்டால் பிள்ளைகள் உதவி கேட்டு வரவே மாட்டார்கள்.

நான்காம் வாரம்: குற்றச்சாட்டை எழுதுவது

தோட்டத்துப் பிள்ளைகளிடம் ‘நம்மூர்ப் பிரச்சினை ஒன்று சொல்லுங்கள்’ என்றால் கொழுந்து எடை வராமல் இருக்காது. மழைக்காலத்தில் ஈரத்துக்கென்று எடையில் கழிப்பது தோட்டங்களில் வழக்கம். எவ்வளவு கழிக்கலாம் என்பதில்தான் சண்டை. ‘ஒரு எஸ்டேட்’ என்று பெயரில்லாமல் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் எழுதும் முதல் வரைவு இப்படி இருக்கும்: “சூப்பர்வைசர் கொழுந்தைத் திருடுகிறார்!” சார்ட்டில் நான்கு கட்டம் போடுங்கள். சொன்னது யார், அவர் நேரில் பார்த்தாரா, காகிதம் உண்டா, எதிர்த் தரப்பு என்ன சொன்னது. ‘திருடுகிறார்’ என்ற சொல்லுக்கு எந்தக் கட்டத்திலும் ஆதாரம் இருக்காது. அது பிள்ளையின் முடிவு. யாரும் சொன்ன தகவல் அல்ல. நான்கு கட்டமும் நிறைந்த பிறகு வரைவு மாறும்: “மழை நாட்களில் கழிக்கும் எடை அதிகமாக இருப்பதாக ஐந்து தொழிலாளர்கள் கூறுகின்றனர். மூவர் தங்கள் எடைச் சீட்டுகளைக் காட்டினர். இதுபற்றி எழுத்தில் கேட்டதற்கு, ஈரத்தின் அளவைப் பொறுத்தே கழிப்பதாக அலுவலகம் பதிலளித்தது.” கோபம் குறைந்திருக்கும், உண்மைதான். ஆனால் இரண்டாவதை அலுவலகத்தால் எளிதில் தள்ளிவிட முடியாது.

எதிர்த் தரப்புக்குக் குறைந்தது இரண்டு வேலை நாள் கொடுங்கள். கேள்வியை எழுத்தில், பெரியவர் ஒருவரின் கையெழுத்தோடு அனுப்புங்கள். பிள்ளைகளைத் தனியாக அலுவலகத்துக்கு அனுப்பாதீர்கள். பதில் வராவிட்டால், கேட்டோம், வெளியிடும் வரை பதில் வரவில்லை என்று எழுதினால் போதும். பேசிய தொழிலாளர்களின் பெயரைப் போடுவதா என்பது தனி விவாதம். சீட்டின் படத்தைப் போட்டால் அதிலுள்ள எண்ணே ஆளைக் காட்டிக்கொடுக்கும். இரண்டாம் வாரப் பாடம் இங்கே உதவிக்கு வரும்.

அவதூறுச் சட்டத்தை இப்போது சொல்லுங்கள். 356ஆம் பிரிவில் இரண்டாண்டு வரை சாதாரணச் சிறை, அபராதம் அல்லது சமூகசேவை. “உண்மைதானே சார் எழுதினோம்?” என்ற கேள்வி நிச்சயம் வரும். குற்றவியல் அவதூறில் உண்மை மட்டும் போதாது. பொதுநன்மைக்காக வெளியிட்டதாகவும் இருக்க வேண்டும். கம்பெனிக்கும் அவதூறு உண்டு. தலைப்பின் முடிவில் கேள்விக்குறி போடுவதும், ‘எனக் கூறப்படுகிறது’ சேர்ப்பதும் கவசம் ஆகாது. வாட்ஸ்அப் குழுவின் அட்மின் எல்லாவற்றுக்கும் பொறுப்பா என்று கேட்பார்கள். உறுப்பினர் போட்டதற்கு அட்மினைப் பொறுப்பாக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் சொல்லியிருக்கிறது. போட்டவர் பொறுப்பு அப்படியே இருக்கிறது.

எழுதுவதற்கு உள்ள உரிமையையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். 2020 நவம்பரில் கேரள அரசு போலீஸ் சட்டத்தில் 118ஏ என்ற பிரிவை அவசரச் சட்டமாகக் கொண்டுவந்து, கருத்துச் சுதந்திரத்தைப் பறிக்கும் என்ற எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் திரும்பப் பெற்றது. விடுதியில் போன் தடையை எதிர்த்து மாணவி ஒருவர் போட்ட வழக்கில், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று அதே உயர் நீதிமன்றம் 2019இல் கூறியது. சட்டம் என்றாலே தடை என்று நினைத்திருக்கும் பிள்ளைகள் இந்த இரண்டையும் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஐந்தாம் வாரம்: ஒரே அணை, இரண்டு நாளிதழ்

முல்லைப்பெரியாறு பற்றி ஒரே நாளில் வந்த தமிழ்ச் செய்தியையும் மலையாளச் செய்தியையும் அருகருகே ஒட்டுங்கள். இரண்டையும் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இந்த எல்லையில்தான் கிடைப்பார்கள். நீர்மட்டம் என்ன, யாரிடம் கருத்துக் கேட்டிருக்கிறார்கள், எந்த ஊர்ப் பெயர்கள் வருகின்றன என்று இரண்டிலும் அடிக்கோடிடச் சொல்லுங்கள். எண் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். 2014இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்த 142 அடிதான் இருவருக்கும் அளவுகோல். ஆனால் தமிழ் நாளிதழ் தேனி, மதுரைப் பாசனத்தைக் கேட்கும். மலையாள நாளிதழ் வண்டிப்பெரியாறு, உப்புத்தறை மக்களின் பாதுகாப்பைக் கேட்கும். இரண்டிலும் பொய் இருக்க வேண்டியதில்லை. அணைக்குக் கீழே வீடும் தமிழ்நாட்டில் உறவும் உள்ள இந்தப் பிள்ளைகளை எந்த நாளிதழ் கேட்டது என்று கேளுங்கள். யாரை விட்டுவிட்டார்கள் என்று பார்ப்பதுதான் இந்தப் பயிற்சி. எந்த மாநிலம் சரி என்ற பட்டிமன்றமாக மாற விடாதீர்கள். கட்டாயம் முயற்சி நடக்கும்.

அடுத்து வதந்தி. 2018 ஆகஸ்டு வெள்ளத்தின்போது முல்லைப்பெரியாறு உடைகிறது என்று பொய்யான குரல் பதிவுகள் பரவின. அதே ஆண்டு பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியால் தமிழ்நாட்டில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகுதான் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வேர்டு செய்ய முடியாதபடி வைத்தது.

ஒரு குரல் பதிவை நீங்களே எழுதி வாசித்து, குழுக்களுக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். பேசுபவர் தன் பெயரும் பதவியும் சொல்கிறாரா? தேதி உண்டா, ‘இன்று இரவு’ மட்டும்தானா? எந்த ஷட்டர், எத்தனை அடி? மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பில் இது இருக்கிறதா? ‘எல்லோருக்கும் அனுப்பவும்’ என்று முடிகிறதா? பதில் கிடைக்காத கேள்வி இரண்டுக்கு மேல் போனால் ஃபார்வேர்டு இல்லை. ‘எச்சரிக்கைக்காக அனுப்பினேன்’ என்பார்கள். வீட்டைக் காலி செய்து ஓடும் கூட்டத்தில் விழுந்து அடிபட்டவருக்கு யார் பதில் சொல்வது என்று கேளுங்கள். பீதி கிளப்பும் பொய்ச் செய்திக்கு நியாய சன்ஹிதா 353ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு என்பதைப் பிறகு சொல்லலாம்.

ஆறாம் வாரம்: பாட்டு, படம், ஓசி பிரியாணி

ஆண்டு விழாவில் சினிமாப் பாட்டுக்கு ஆடலாமா? ஆடலாம். ஆசிரியர், மாணவர், பெற்றோர் மட்டும் பார்க்கும் பள்ளி நிகழ்ச்சிக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. அதை யூடியூபில் ஏற்றும்போது பார்வையாளர் வட்டம் மாறிவிடுகிறது. விலக்கும் அங்கேயே நின்றுவிடுகிறது. 30 விநாடிக்குள் என்றால் பரவாயில்லை என்பது கட்டுக்கதை. கீழே ‘உரிமை அவர்களுக்கே’ என்று எழுதுவது நன்றி சொல்வது மட்டுமே. அனுமதி வாங்கியது ஆகாது.

ஒரு பாட்டில் எத்தனை உரிமை என்பதைப் புரியவைக்கப் பாரதியார் வசதியான எடுத்துக்காட்டு. அவர் மறைந்தது 1921இல். எழுத்துக்கு ஆசிரியரின் ஆயுளும் அதற்குப் பின் 60 ஆண்டும்தான் பதிப்புரிமை. ஆகவே வரிகள் எல்லோருக்கும் பொது. ஆனால் அதே வரிகளுக்குச் சமீபத்தில் ஒருவர் போட்ட மெட்டு அவருடையது. ஒரு நிறுவனம் வெளியிட்ட ஒலிப்பதிவு அந்த நிறுவனத்துடையது. பிள்ளைகளே சொந்த மெட்டில் பாடிப் பதிந்தால் எந்தச் சிக்கலும் இல்லை. வேறு இசை வேண்டுமென்றால் யூடியூபின் ஆடியோ நூலகம். படம் வேண்டுமென்றால் விக்கிமீடியா காமன்ஸ். எடுக்கும் முன் உரிமத்தைப் படிக்க வேண்டும். பெயர் சொன்னால் போதும் என்பது ஒன்று. வணிகத்துக்குக் கூடாது, மாற்றக் கூடாது என்பவை வேறு.

யூடியூபிலிருந்து வரும் இரண்டு வகை அறிவிப்பைப் பிரித்துக் காட்டுங்கள். கன்டென்ட் ஐடி கோரிக்கை (யூடியூபின் கருவி தானாகப் பொருத்திப் பார்த்து எழுப்புவது) வந்தால் பெரும்பாலும் வீடியோ இருக்கும். விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகும், அல்லது ஒலி நீங்கும். ஸ்ட்ரைக் வேறு; உரிமையாளரின் புகாரால் வீடியோவை நீக்கி யூடியூப் தரும் எச்சரிக்கை அது. 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனலே போகலாம். பயந்துபோய் உடனே வீடியோவை அழிப்பார்கள். அழித்தாலும் ஸ்ட்ரைக் அழியாது.

கடைக்காரர் ஓசியில் பிரியாணி கொடுத்து ரீல்ஸ் போடச் சொன்னால், அது விளம்பரம். பணம் வாங்காவிட்டாலும் இலவசமாகப் பெற்றதைத் தெரியும்படி சொல்ல வேண்டும். தேக்கடிக் காட்டுக்குள் படம்பிடிக்க வனத்துறை அனுமதி வேண்டும். இந்த இரண்டுக்கும் ஐந்து நிமிடம் போதும்.

சேனலை நடத்தும்போது

வெளியிடும் முன் இரண்டு பேர் பார்க்க வேண்டும். எடுத்தவர் அந்த இருவரில் ஒருவராக இருக்கக்கூடாது. தவறு தெரிந்தால் சத்தமில்லாமல் அழிப்பது பிள்ளைகளின் முதல் எண்ணம். யாருடைய அந்தரங்கமாவது வெளியானது என்றால் உடனே நீக்க வேண்டும். தகவல் பிழை என்றால் நீக்கக்கூடாது. விளக்கப் பகுதியின் முதல் வரியில் எது தவறு, எது சரி, எந்தத் தேதியில் திருத்தினோம் என்று எழுதி, அதையே கமெண்டிலும் மேலே பொருத்திவைக்க வேண்டும். யாராவது நீக்கச் சொன்னால் 24 மணி நேரத்துக்குள் முடிவு சொல்வது என்று உங்களுக்குள் ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதிச் சீட்டுகளைத் தேதி வாரியாக ஒரு கோப்பில் போட்டு அலுவலகத்தில் பூட்டிவையுங்கள். சேனலின் மின்னஞ்சலும் இரட்டைச் சரிபார்ப்பு எண்ணும் ஆசிரியர் ஒருவரின் சொந்தப் போனில் இருந்தால், அவருக்கு இடமாற்றம் வந்த அன்றே சிக்கல் தொடங்கும். பள்ளிக்கென ஒரு எண் வாங்கி அதில் இணையுங்கள். பத்தாம் வகுப்பு முடித்துப் போகும் பிள்ளைகளுக்குச் சேனலை இயக்கக் கொடுத்திருந்த அனுமதியை மார்ச்சில் எண்ணி நீக்கிவிட்டு, கடவுச்சொல்லையும் அன்றே மாற்றுங்கள்.